அருகிருந்து ஆடிய காலமும் அதைக் களவாடியவர்களும்

ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நம் இலக்கிய இதழ்களில் அந்தக் கட்டுரை வந்துவிடுகிறது. எழுதுபவர் பெயர் மாறும், கட்டுரை மாறாது. பம்பரம் போயிற்று, கிட்டிப்புள் போயிற்று, பல்லாங்குழிக் கட்டை பரணுக்குப் போயிற்று, தாயக்கட்டை பூசையறை மூலையில் கறுத்துக் கிடக்கிறது, நம் பிள்ளைகள் வீடியோ கேம் என்னும் பூதத்தின் வாய்க்குள் விழுந்துவிட்டார்கள். இடையில் கீழடியில் கிடைத்த தாயக்கட்டையும் வட்டச் சில்லுகளும் சாட்சிக்கு அழைக்கப்படும். பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' நூலுக்கு ஒரு வணக்கம். இறுதியில் ஒரு பெருமூச்சு. அண்மையில் நண்பர் ஒருவர் இப்படி ஒரு கட்டுரையை எழுதி, அச்சுக்கு அனுப்பும் முன் என்னிடம் பார்க்கக் கொடுத்தார். நான் தமிழ் படித்தவன், கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன், ஆகவே இந்த ஒப்பாரியில் கட்டாயம் சேர்ந்து மாரடிப்பேன் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். நண்பர் மன்னிக்க.

நாம் தவறான வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கிறோம். உடைப்பு, மண்ணில் ஆடிய ஆட்டத்துக்கும் மின்சாரத்தில் ஆடிய ஆட்டத்துக்கும் நடுவே ஏற்பட்டதன்று. அது அதற்குப் பின்னால், மின்சாரத்துக்குள்ளேயே, ஒரே அறையில் ஆடிய ஆட்டத்துக்கும் தனித்தனி அறையில் ஆடும் ஆட்டத்துக்கும் நடுவே ஏற்பட்டது. இந்த இரண்டாவது சாவை நம்மில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்காததற்குக் காரணம் எளியது. வீடியோ கேமை நாம் ஒரு பண்பாட்டுப் பொருளாகவே எண்ணியதில்லை.

என் ஊர் செம்மங்குப்பம். கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே, சிப்காட் புகையின் காற்றுவாக்கில் இருக்கும் ஊர். 2025 ஜூலை 8 காலையில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தபோதுதான் வெளியுலகம் அந்தப் பெயரைக் கேட்டது. அதைப் பற்றி எழுத இது இடமில்லை. ஊரின் பெயரை எழுதினால் அதைச் சொல்லாமல் கடக்க என்னால் இயலவில்லை, அவ்வளவே. நான் சொல்ல வருவது 1995-ஆம் ஆண்டைப் பற்றி. அப்போது அந்தத் தண்டவாளம் மீட்டர் கேஜ். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சென்னை பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவி கேம் செட் வந்து சேர்ந்தது.

நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் திருட்டுப் படி அது. இந்தியாவின் சிறுநகரங்களும் சிற்றூர்களும் வீடியோ கேமை அறிந்தது பெரும்பாலும் இத்தகைய படிகளின் வழியாகத்தான். செட்டின் உடலோடு சேர்த்தே இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. மேலே செருகும் மஞ்சள் கேசட்டில் '999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களைத்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு எண்ணில் வைத்திருப்பார்கள் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். கேசட் வேலை செய்யவில்லை என்றால் வாயால் ஊத வேண்டும். ஊதுவதால் பயன் உண்டா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊதாமல் யாரும் செருகியதில்லை.

அந்தக் கம்பிகள் குட்டை. அதனால் இருவரும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார முடியும். மூல ஃபேமிகாமில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு 'ஸ்டார்ட்' பொத்தான் கிடையாது. எங்கள் படியிலும் அப்படித்தான். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் முதலாமவனுக்கு மட்டுமே. இரண்டாமவன் சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமென்றால் முதலாமவனிடம் கெஞ்ச வேண்டும். அரசியல் கோட்பாடு படிக்கும் முன்னரே இறையாண்மை என்பது என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

'காண்ட்ரா' என்றொரு ஆட்டம். கொனாமி நிறுவனத்துடையது; கடைகளில் வைக்கும் பெரிய பெட்டிக்கு 1987-இலும் வீட்டுக் கருவிக்கு 1988-இலும் வந்தது. இருவர் சேர்ந்து சுட்டுக்கொண்டே முன்னேற வேண்டும். அதன் மூன்றாம் கட்டம் ஓர் அருவி. பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு ஏறும். கீழே பின்தங்கியவன் திரையின் விளிம்புக்குக் கீழே மறைந்த கணமே செத்துப்போவான். எதிரி சுட்டதனால் அன்று, நண்பன் அவசரப்பட்டதனால். அந்த அருவியில் முறிந்த நட்புகளை நான் அறிவேன். இன்னொன்று. தன் 'லைஃப்' எல்லாம் தீர்ந்தவன் ஒரு பொத்தானை அழுத்தினால் நண்பனிடம் மீதமிருக்கும் லைஃபில் ஒன்று அவனுக்கு வந்துவிடும். ஆட்டம் அனுமதி கேட்காது. அனுமதியை நீங்கள்தான் பக்கத்தில் திரும்பி, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்தவனுக்கு முதுகில் ஒன்று விழும். கேட்டும் தராதவனைத் தெருவே ஒரு வாரம் பேசும்.

இதை ஆக்கியவர்கள் ஜப்பானியப் பொறியாளர்கள். இதற்குள் ஓடிய அறம் எங்கள் தெருவுடையது. தாயத்தில் வெட்டுப்பட்ட காயைப் பற்றி என் பாட்டி போட்ட சண்டைக்கும், நாம்கோவின் 'பேட்டில் சிட்டி' டாங்கி ஆட்டத்தில் தவறிப்போய் நண்பனின் டாங்கியைச் சுட்டு அதைச் சற்று நேரம் அசையாமல் செய்துவிட்டு 'வேணும்னு பண்ணலடா' என்று நான் சத்தியம் செய்ததற்கும் என்ன வேறுபாடு? புளியங்கொட்டையா பொத்தானா என்பது மட்டும்தான். சங்கப் பாடல்களில் தலைவியோடு ஆடும் தோழியர் கூட்டத்துக்கு 'ஆயம்' என்று பெயர். கழங்கு, பந்து, வண்டல் என்று ஆட்டம் எதுவாயினும் ஆயம் உடனிருந்தது. அந்த டிவி கேம் அறையில் ஆடியவர் இருவர், சுற்றி அமர்ந்து அடுத்த முறைக்குக் காத்திருந்தவர் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் ஆட்டத்தின் பகுதியே. அவர்களைத்தான் ஆயம் என்கிறேன்.

இங்கே நண்பர் குறுக்கிட்டார். 'இப்போதும் சேர்ந்துதானே ஆடுகிறார்கள், நூறு பேர் ஒரே ஆட்டத்தில்' என்றார். இந்த வாதத்தைப் படித்தவர்களும் சொல்வதால் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

என் அண்ணன் இன்னும் செம்மங்குப்பத்தில்தான் இருக்கிறார். அவருக்கு இரண்டு பையன்கள். பொங்கல் விடுமுறையில் போயிருந்தபோது பெரியவன் கூடத்தில், சின்னவன் மாடி அறையில், இருவர் காதிலும் ஹெட்செட். 'ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சித்தப்பா ஆடுறோம்' என்றான் பெரியவன். உண்மைதான், ஒரே அணி. சின்னவன் மேலிருந்து 'டேய் பின்னாடி பாரு' என்று கத்தினான். அந்தக் குரல் மாடிப்படி வழியாக முதலில் வந்தது. எங்கோ உள்ள சர்வரைச் சுற்றிவிட்டுச் சற்றுப் பிந்தி பெரியவனின் காதுக்கு மறுபடியும் வந்தது. அவன் இரண்டாவதாக வந்த குரலுக்குத்தான் திரும்பினான். நான் இதை மிகைப்படுத்தவில்லை. ஏன் ஒரே அறையில் உட்காரவில்லை என்று கேட்டேன். 'பக்கத்துல இருந்தா மைக்ல எக்கோ அடிக்கும் சித்தப்பா' என்றான். அருகில் இருப்பது ஒரு தொழில்நுட்பக் கோளாறாகிவிட்டது.

இது பிள்ளைகளின் குற்றமன்று. அறையை அவர்கள் கலைக்கவில்லை, கலைத்தவர்கள் வேறு. ஒரு கருவி, ஒரு படி, நான்கு பேர் என்பது வணிகக் கணக்கில் மூன்று பேருக்கான இழப்பு. நான்கு கருவி, நான்கு படி, நான்கு கணக்கு, அதற்குமேல் இணையத்தில் ஆடுவதற்கு மாதச் சந்தா என்றால் அதுவே லாபம். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸுக்கு 2002-லேயே இணையச் சந்தாவைத் தொடங்கியது. சோனி 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 முதல், கட்டண ஆட்டங்களை இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டுமானால் சந்தா கட்டு என்றது. செல்பேசி ஆட்டங்கள் இலவசம். ஆனால் உடுப்பும் துப்பாக்கிப் பூச்சும் விலைக்கு. அந்த உடுப்பை வாங்க ஒருவனுக்கு ஆசை வர வேண்டுமென்றால் முகமறியாத நூறு பேர் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு அவன் சட்டைக் கிழிசல் ஏற்கெனவே தெரியும். அவனிடம் உடுப்புக் காட்டி என்ன பயன்?

திரையை இரண்டாகப் பிளந்து இருவருக்குக் காட்சி தர வேண்டுமென்றால் கருவி அதே உலகை இரண்டு கோணத்தில் இரண்டு முறை வரைய வேண்டும், சுமை தாங்காது என்பது நிறுவனங்கள் சொல்லும் தொழில்நுட்பக் காரணம். பொய்யென்று தள்ள மாட்டேன். 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' இந்தச் சுமையால்தான் எக்ஸ்பாக்ஸில் தாமதப்பட்டது. கடைசியில் விலை குறைந்த சீரீஸ் எஸ் கருவிக்கு மட்டும் திரைப் பிளவை விட்டுவிட்டு வெளியிட்டார்கள். ஆனால் 1997-இல் 'கோல்டன் ஐ 007' இன்றைய மலிவான செல்பேசியின் திறனில் ஒரு துளியும் இல்லாத நிண்டெண்டோ 64 கருவியில் திரையை நான்காகப் பிளந்து நால்வருக்கு வரைந்தது. படம் திக்கியது, திணறியது. யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று திக்காத படத்துக்காக நண்பனை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எது முதன்மை என்று யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அதற்கு எந்திரத்தைக் குறை சொல்வது நேர்மையன்று.

'ஹேலோ' கதையையும் கேளுங்கள். 2001-இல் வந்த முதல் ஆட்டத்தின் புகழில் பாதி, சோபாவில் ஒட்டி உட்கார்ந்து ஆடியதால் வந்தது. 2015-இல் ஐந்தாவது ஆட்டத்தில் திரைப் பிளவை நீக்கினார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தபின், இனி வரும் ஆட்டங்களில் அது கட்டாயம் இருக்கும் என்று 2017-இல் பொதுமேடையில் வாக்குக் கொடுத்தார்கள். 2021 இறுதியில் 'ஹேலோ இன்ஃபினிட்' வந்தது. அதன் கதைப்பகுதியை ஒரே திரையில் சேர்ந்து ஆடும் வசதி பிறகு வரும், பிறகு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு 2022 செப்டம்பரில் கைவிட்டோம் என்று அறிவித்தார்கள். நம் தேர்தல் அறிக்கைகளை நினைவூட்டும் கதைதான், சற்று நேர்மையாகக் கைவிட்டதையாவது சொன்னார்கள்.

இது விற்காது என்பதும் கட்டுக்கதை. சுவீடனைச் சேர்ந்த ஹேஸ்லைட் என்ற சிறு நிறுவனம் 2021-இல் 'இட் டேக்ஸ் டூ' என்று ஓர் ஆட்டம் கொண்டுவந்தது. தனியாக ஆடவே முடியாது, இருவர் வேண்டும். அவ்வாண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் விருது பெற்று, ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. 2025-இல் 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' என்று இன்னொன்றும் தந்தார்கள். நிண்டெண்டோவும் தன் ஸ்விட்ச் கருவியின் இரு பக்கக் கைப்பிடிகளைக் கழற்றி ஒன்றை நண்பனுக்குத் தரும்படி செய்தது. ஆனால் இவையெல்லாம் செம்மங்குப்பத்தின் விலையில் இல்லை. அருகிருந்து ஆடுவது வசதி படைத்தோர் கூடத்தின் அலங்காரமாக மிஞ்சிவிட்டது.

எங்கள் பக்கத்து வரலாறு வேறு தடத்தில் போயிற்று. அதை எழுதுவார் இல்லை. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. அரசியல் விமர்சகர்கள் அதை ஏளனம் செய்தார்கள். அந்தப் பெட்டிகளில் பலவற்றின் பின்புறத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த டிவி கேம் செட் செருகப்பட்டிருந்ததை அவர்கள் அறியார். 2011 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி. ஒரே விசைப்பலகையில் இடப்பக்க விசைகள் ஒருவனுக்கு, அம்புக்குறி விசைகள் மற்றவனுக்கு என்று பென்டிரைவ் வழியே பரவிய ஆட்டங்களை அதில் ஆடினார்கள். பிறகு 'மினி மிலிஷியா'. இணையமே தேவையில்லை, ஒருவன் ஹாட்ஸ்பாட் போட்டால் அறையில் இருக்கும் அத்தனை செல்பேசியும் ஒரே களத்துக்குள் வந்துவிடும். யாப்பருங்கலக் காரிகை நடத்திக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையில் ஆறு தலைகள் ஒரே கணத்தில் அதிர்வதைக் கண்டு நான் பலமுறை செல்பேசிகளைப் பறித்திருக்கிறேன். இன்று நினைத்தால் சற்று வெட்கமாக இருக்கிறது. கடைசியாக ஓர் அறைக்குள் நடந்த ஆட்டத்தைத்தான் பறித்தேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஹாட்ஸ்பாட்டுக்குத் தேவையற்றுப் போயிற்று. 2018-இல் பப்ஜி. 2020 ஊரடங்கில் வகுப்பே செல்பேசிக்குள் போனதால் ஆளுக்கொரு செல்பேசி என்பது கல்விக் கடமையாகவே ஆனது. அவ்வாண்டு செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு வேறு பெயரில் திரும்பி வந்தது. தொலைக்காட்சி ஓர் அறையைக் கேட்டது. மடிக்கணினி ஒரு மேசையைக் கேட்டது. செல்பேசிக்கு ஒரு போர்வை போதும்.

அரசின் சிந்தனை முழுவதும் பணத்தைப் பற்றியது. தமிழகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை தடை என்ற 2025-ஆம் ஆண்டு விதிகள், அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் எல்லாம் தேவையானவையே. இணைய ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததை நாம் கண்டோம். ஆயினும் ரம்மியும் ஒருகாலத்தில் நால்வர் வட்டமாக உட்கார்ந்து ஆடியதுதான். கடன் ஏறினால் எதிரில் இருப்பவன் 'போதும் எழுந்திருடா' என்பான். அந்த எதிரில் இருப்பவனைப் பற்றி எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.

இனி நண்பரின் வலுவான வாதம். தமிழாசிரியனை அவன் வீட்டுக் கம்பாலேயே அடிக்கும் வாதம். 'கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லையே, நட்புக்கு அருகிருப்பு எதற்கு? உணர்ச்சி ஒத்தால் போதும் என்று வள்ளுவரே சொல்லவில்லையா?' என்றார். நன்று. ஆனால் அந்தக் கதையை முடிவுவரை படிக்க வேண்டும். வடக்கிருந்த சோழன் கடைசியில் கேட்டது என்ன? பிசிரோன் வருவான், என் பக்கத்தில் அவனுக்கு இடம் விடுங்கள் என்பதுதான். அவர் வந்தார், அந்த இடத்தில் அமர்ந்தார். வராதிருந்தால் புறநானூற்றில் அவர்களுக்கு இத்தனை பாட்டு ஏது? காணா நட்பு உச்சமடைந்தது, ஒழித்து வைத்த அந்த ஓர் ஆள் இடத்தில்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக் என்பது அந்த இடம். ஆட்டத்தை வாங்கும்போதே அதற்குள் இன்னொருவனுக்கு இடம் ஒழித்துத் தந்திருந்தார்கள்.

இவ்வளவு எழுதியபின் எனக்கு எதிராக நானே சொல்ல வேண்டியதும் உண்டு. அதை மறைத்தால் நானும் பெருமூச்சுக் கட்டுரையாளர்களில் ஒருவனாகிவிடுவேன்.

அந்த 1995-ஆம் ஆண்டு அறையில் என் தங்கை ஒரு முறைகூட ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அதைவிடக் கனமானது இன்னொன்று. என் வகுப்புத் தோழன் ஒருவன் காலனியிலிருந்து வருவான். பள்ளியில் என் பக்கத்து இருக்கை. அந்த வீட்டுக்குள் அவன் வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. சன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அருவிக் கட்டத்தில் எங்கே தாவ வேண்டும் என்று எல்லாரையும்விட அவனுக்குத்தான் தெரியும், வெளியிலிருந்து சொல்லுவான். ஒருநாள் என் முறை வந்தபோது ஜாய்ஸ்டிக்கை அவனிடம் நீட்டினேன். சன்னல்வரை கம்பி எட்டவில்லை. 'பரவால்லடா, நீயே ஆடு' என்றான்.

இன்றைய இணைய ஆட்டத்தில் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அவன் மகன் இன்று எவனோடும் ஆடலாம், எவனையும் தோற்கடிக்கலாம். இது சிறிய விடுதலையன்று. ஆயத்தைப் பாடும் நான், அந்த ஆயத்தின் வாசலில் நின்றவனை விட்டுவிட்டுப் பாட முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: பெயரை மறைத்துக்கொண்டால்தான் உள்ளே வரலாம் என்ற கதவை விடுதலையின் முழு வடிவம் என்று ஏற்கலாமா? அவன் மகனோடு ஆடுபவனுக்கு அவன் யார் என்று தெரியாது. தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து ஆட வேண்டிய கட்டாயம் அவனுக்கு ஒருபோதும் நேராது.

நானும் அந்தத் தோழனும் முதன்முதலாக ஒட்டி உட்கார்ந்து ஆடியது கடலூர் முதுநகரில், மணிக்கு ஐந்து ரூபாய் வாங்கிய ஒரு வீடியோ கேம் கடையில். ஐந்து ரூபாய் யாருடையதானாலும் ஐந்து ரூபாய்தான். அதே கடையில், நாம் 'முஸ்தபா' என்று பெயரிட்டழைத்த 1993-ஆம் ஆண்டு ஆட்டம் ஒரு பெரிய பெட்டியில் நின்றது. மூவர் தோள் இடித்துக்கொண்டு ஆடலாம். மூன்றாமவன் யாரென்றே தெரியாமல் ஆடிவிட்டு, பிறகு பெயர் கேட்டிருக்கிறோம். ஆகவே எனக்கு வேண்டியது அந்த 1995-ஆம் ஆண்டு வீட்டுக் கூடமன்று. வேண்டியது அந்தக் கடை, பொது அறை. அதுவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடம் எழுந்தது. பலவற்றில் இன்று பூட்டுத் தொங்குகிறது. அங்கே ஒரு தொலைக்காட்சி, ஒரு பழைய கருவி, இரண்டு ஜாய்ஸ்டிக், சுற்றி உட்கார ஒரு பாய், இவ்வளவுக்கு என்ன செலவாகும்? மாலை ஐந்து முதல் ஏழு வரை. முதல் மணி பெண்பிள்ளைகளுக்கு. நூலகத்தில் விளையாட்டா என்று முதலில் எதிர்ப்பவர்கள் பல்லாங்குழிக்கு ஒப்பாரி வைக்கும் நம் எழுத்தாளர்களாகத்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். கட்டுரையைத் திருத்துகிறேன் என்றார்; திருத்தாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

அண்ணன் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துச் செட் ஒன்று இன்னும் இருக்கிறது. தெருவில் செட் வைத்திருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது எங்களிடம் விட்டுப்போனது. இந்தப் பொங்கலுக்கு இறக்கிப் பார்த்தேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் கம்பியை எலி கடித்திருந்தது. முதுநகரில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். கம்பியை மாற்றும்போது நீளமாகவே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.